அத்தானின் வெயில் கார்

எங்கள் அத்தானிடம் ஒரு கார் இருந்தது. மழைக்கு ஓடாது, இரவுக்கு ஓடாது, அவசரத்துக்கு ஓடவே ஓடாது. வெயிலுக்கு மட்டும் ஓடும். அதுவும் எந்த வெயிலுக்குமல்ல. தெருவில் புழுதி இருக்கக்கூடாது, காற்றில் உப்பு இருக்கக்கூடாது. திருகோணமலையில் குடியிருந்துகொண்டு காற்றில் உப்பு இருக்கக்கூடாது என்று நினைக்கிற மனிசனை என்னவென்று சொல்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். இவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்பார்.

அது அந்த நாளிலேயே பழைய கார். ஊரில் மற்றவர்கள் வைத்திருந்தவை மேலே மூடிய பெட்டிக் கார்கள். இதற்குத் துணிக் கூரை, மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். கம்பிச் சில்லு, பித்தளை விளக்கு, முன்னால் கைபிடி கொடுத்துச் சுற்றினால்தான் எஞ்சின் எழும்பும். தன் நாட்டுக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. வாங்கிய காசு அத்தானுடையதல்ல. எங்கள் ஐயா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த சம்பூர் வயலை விற்ற காசு அது. விற்பதற்கு அக்காவிடம் கையெழுத்து வாங்கும்போது "எங்கட கார்" என்றார். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அது "என்ர கார்" ஆகிவிட்டது.

ஐயா செத்த பிறகு அம்மா நகரத்துக்கு வெளியே இறக்கக்கண்டியில் தன் வீட்டில் இருந்தார். நான் அக்காவுக்குத் துணையாக நகரத்தில், அவர்களுடைய வீட்டில் இருந்தேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். துறைமுகம் நிறையக் கப்பல்கள், தெரு நிறையச் சிப்பாய்கள். கப்பல்காரருக்குக் காய்கறியும் முட்டையும் கொடுக்கிற ஒப்பந்தம் அத்தானுக்கு இருந்தது. அதற்காகத்தான் அவருக்குப் பெற்றோல் கூப்பன் கிடைத்தது. ஆனால் காய்கறியும் முட்டையும் கைவண்டியில்தான் போயின. கத்தரிக்காயைத் தன் காரில் ஏற்றுவாரா அவர்? நல்ல கதை!

வெயில் நன்றாக எறித்த காலையில் கூரையை மடித்துப் போட்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு, துறைமுகத் தெருவில் மெல்ல ஒரு சுற்றுப் போய் வருவார். மாட்டுவண்டிகள் முந்திக்கொண்டு போகும். ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி காரின் முன்மூடியைக் கையால் தட்டி ஏதோ நல்ல வார்த்தை சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த இடத்தை மட்டும் சில நாட்கள் துடைக்கவில்லை. கேட்டேன். "நீ உன்ர வேலையைப் பார்" என்றார்.

சுற்றி வந்ததும் கழுவல் தொடங்கும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர், ஆகாது. ஒழுங்கை முடிவில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவர வேண்டும். நான் கொண்டுவந்தேன். நான் குசினியில் நின்றால் அக்கா கொண்டுவந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. பித்தளை விளக்குத் துலக்கப் புளி வேண்டும். பொலிஷ் கடைகளில் கிடைக்காத காலம், ஆகவே மெழுகுதிரியை உருக்கி அதில் தேங்காயெண்ணெய் கலந்து அவரே ஒரு பூச்சுச் செய்தார், என் சோற்றுச் சட்டியில்! சாமான் தட்டுப்பாட்டில் சனம் வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் வீட்டில் கறிக்குப் புளி இல்லை, காருக்குப் புளி இருந்தது.

இரவில் குண்டு விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று இருட்டடிப்புச் சட்டம் வந்து, கார் விளக்குகளுக்குக் கறுப்பு மை பூசச் சொல்லி ஓர் ஆள் வந்து நின்றான். பூசி முடித்த அன்று அத்தான் சோறு தின்னவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அதற்கு முதல் வருஷம் அக்காவின் முதல் பிள்ளை அதே வீட்டில் செத்துப் பிறந்தது. மருத்துவிச்சி வந்து சேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று இரவு அவர் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கித் தின்றார். பரிமாறினவள் நான். இதை நான் ஆருக்கும் மறைத்ததில்லை.

அதனால்தான் இந்தமுறை அம்மாவிடம் போய்ப் பெறவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். இறக்கக்கண்டியில் அம்மாவின் பக்கத்து வளவில் மருத்துவிச்சி இருந்தார். கூப்பிட்ட குரலுக்கு வருவார். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்தப் பிள்ளை அழவேண்டும், அந்த அழுகையைத் தான் கேட்கவேண்டும்.

"இஞ்சேருங்கோ, எனக்கு மாசம் நெருங்குது. அம்மாட்டைக் கொண்டுபோய் விடுங்கோவன்."

"விடுவம், விடுவம். இந்த வெயிலுக்கு ரயர் சூடேறினா வெடிச்சுப்போம்."

அடுத்த கிழமை கேட்டாள். போகிற வழியில் நிலாவெளிப் பக்கம் ஒரே உப்புக் காற்று, பெயின்றைத் தின்றுவிடும் என்றார். அதற்கடுத்த கிழமை கேட்டாள். மழை மூட்டமாகக் கிடக்கிறது என்றார். வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகங்கூட இல்லை.

"அப்ப நான் மாட்டுவண்டியில போறன்" என்றாள் அக்கா.

"என்னது? வாசல்ல கார் நிக்க என்ர பெண்சாதி மாட்டுவண்டியில போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பிள்ளைத்தாச்சி காருக்குத் தண்ணி சுமக்கிறாள் எண்டு சனம் இப்பவே கதைக்குது அத்தான்" என்றேன்.

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

வாய் கூடித்தான் இருந்தது. அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது எனக்கு? கார் நின்றபடியால் அவள் வண்டியில் போக ஏலாது. அது கார் என்றபடியால் அதிலும் போக ஏலாது. இப்படியே நாள் போனது. கடைசியில் அம்மா ஆள்விட்டுக் கேட்டபிறகுதான் அத்தான் ஒருநாள் குறித்தார். விடியவே வெளிக்கிடுவது, வெயில் ஏறமுதல் போய்ச் சேருவது.

அன்று இருட்டோடு எழும்பி அக்கா முழுகி, துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை மாதம்! விடிந்தது. அத்தான் வாளியோடு வந்து காரைக் கழுவத் தொடங்கினார்.

"என்ன அத்தான் இது?"

"மாமி வீட்டு வாசல்ல ஊத்தையோட கொண்டுபோய் விடச் சொல்லுறியோ? அங்க ஆக்கள் பாப்பினம்."

கழுவினார். துடைத்தார். மெழுகுப் பூச்சைப் பூசினார். பூசியதைத் தேய்க்கவேண்டாமா என்றால், "கொஞ்சம் வெயில் பிடிக்கட்டும், அப்பதான் மினுங்கும்" என்று சொல்லிக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அக்கா மூட்டையை மடியிலிருந்து இறக்கிப் படியில் வைத்தாள். அந்த நேரம் குண்டு விமானம் வருகிறதென்று அபாயச் சங்கு ஊதியது.

வளவில் பதுங்குவதற்குக் குழி வெட்டியிருந்தோம். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதற்குள் இறங்கினேன். கடல் பக்கமிருந்து விமானங்கள் இரைந்துகொண்டு வந்தன. அத்தானைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், மனிசன் வீட்டுக்குள்ளிருந்து மெத்தையை இழுத்துக்கொண்டு வருகிறார். அக்கா படுக்கிற பஞ்சு மெத்தை. அதைக் காருக்கு மேலே போட்டு மூடிவிட்டு, தான் காருக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டார்.

"மேலயிருந்து பாத்தா மினுங்குமடி! மினுங்குமடி!" என்று அங்கிருந்து கத்தினார்.

துறைமுகப் பக்கம் குண்டுகள் விழுந்தன. நிலம் அதிர்ந்து குழிக்குள் மண் கொட்டியது. அக்கா வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். நான் கோணேசரைக் கூப்பிட்டேன், அத்தானையும் திட்டினேன், இரண்டையும் ஒரே மூச்சில். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சத்தம் அடங்கி வெளியே வந்தபோது சீனன்குடாப் பக்கம் கரும்புகை எழும்பி நின்றது. தெருவில் சனம் பெட்டி படுக்கையோடு ஓடத் தொடங்கியிருந்தது.

படலையடிக்கு வரமுதல் அக்கா நின்றுவிட்டாள். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. சேலை நனைந்து கால்வழியே வடிந்தது.

அத்தான் மெத்தையை எறிந்துவிட்டுக் கைபிடியைச் சுற்றி எஞ்சினை எழுப்பியிருந்தார். முதல்தரம் எனக்கு அந்தச் சத்தம் இனித்தது. அக்கா மெல்ல நடந்துபோய்க் கதவைப் பிடித்தாள். அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார்.

"பொறு, பொறு. அது தோல் சீற்." என்னைப் பார்த்தார். "குசினிக்குப் பின்னால சாக்குக் கிடக்கு. ஓடிப்போய் எடுத்து வந்து விரி. ரண்டா மடிச்சு விரி."

நான் ஓடவில்லை.  அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நோவு வந்து போகும்வரை கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கையை எடுத்தாள். படலையைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள்.

சல்லிக் கிராமத்திலிருந்து கருவாடு விற்க வந்த மாட்டுவண்டி ஒன்று வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்த மனிசி அக்காவைக் கண்டதும் மாட்டை நிறுத்தச் சொன்னார். கடகங்களை ஒருபக்கம் தள்ளி, தன் சீலைத் தலைப்பையே விரித்து, "ஏறு பிள்ளை, ஏறு, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்றார். என்னையும் தூக்கிப் போட்டார்கள். பின்னால் அத்தான் கூப்பிட்ட சத்தம் கேட்டது. சாக்குக் கிடைத்துவிட்டதாம்.

இறக்கக்கண்டிவரை போக ஏலவில்லை. சல்லியில் அந்த மனிசியின் வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிறந்த உடனே கத்தியது, ஊரே எழும்புகிற மாதிரிக் கத்தியது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டு சிரித்தாள், அழுதாள், என்னையும் கேட்கச் சொன்னாள். சில நாள் கழித்து அதே கருவாட்டு வண்டிதான் எங்களை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அத்தான் பின்னால் வந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் கந்தளாய்ப் பக்கம் போய்விட்டார். அங்கே குண்டும் விழாது, உப்புக் காற்றும் இல்லை. நாலு பேர் இருக்கக்கூடிய காரில் ஒற்றை ஆளாகப் போனாராம். வழிநெடுகச் சனம் கை காட்டியதாம், ஒருவரையும் ஏற்றவில்லையாம். பிறகு கேள்விப்பட்டோம். கேட்டு நான் காறித் துப்பினேன்.

பிள்ளை பிறந்த துடக்குக் கழிந்த பிறகு ஒருநாள் நல்ல வெயிலில் கூரையை மடித்துப் போட்டுக்கொண்டு இறக்கக்கண்டிக்கு வந்தார். ஒழுங்கை முடக்கிலிருந்தே ஹோர்ன் அடித்தார். மருமகன் வந்துவிட்டார் என்று அம்மா பதறிப்போய், வீட்டிலிருந்த ஒரே நல்ல கதிரையைத் துடைத்து முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார். அவர் இருக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் நின்றபடியே பிள்ளையை எட்டிப் பார்த்து, "என்ர மூக்கு" என்றார்.

"சரி, வெளிக்கிடு. வீட்டை போவம்."

அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். "நான் வரேல்லை" என்றாள்.

"ஏன்?"

"பிள்ளை பால் கக்கும்."

வேறொரு ஆம்பிளை என்றால் தலையைக் குனிந்திருப்பான். வெட்கங்கெட்டவன் என்றாலும் கோபமாவது வந்திருக்கும். அத்தானுக்கு முகம் மலர்ந்தது.

"அதுக்கென்ன, நான் யோசிக்காமலோ வந்தனான்? சாக்கு விரிச்சுத்தான் கொண்டந்தனான்" என்றார்.

அக்கா பிள்ளையோடு உள்ளே போனாள்.  அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு தானும் உள்ளே போனார்.