பிரேக் பார்க்க வந்தவர்கள்

என்னைப் பெண் பார்க்க வரும் நாளன்று அம்மா செய்த முதல் காரியம், வாசலில் நின்ற என் காரைத் தார்ப்பாய் போட்டு மூடியது. அது அறுபதுகளின் கார். ஒரு ரைஸ் மில்லில் உமி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததை வாங்கி, எங்கள் ஊர் மணிமங்கலம் வரை கட்டி இழுத்து வந்திருந்தேன். ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. ஷிப்ட் முடிந்து வந்தால் காருக்கு அடியில்தான் கிடப்பேன். யாராவது கேட்டால் அப்பாவுடைய கார் என்று சொல்லச் சொல்லியிருந்தாள் அம்மா. அப்பாவுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

குன்றத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. காப்பி கொடுத்து முடித்ததும், இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் எங்களை வாசலுக்கு அனுப்பினார்கள். அவர் என் படிப்பைக் கேட்டார். நான் அவர் ஷிப்டைக் கேட்டேன். காற்றில் தார்ப்பாயின் ஓரம் தூக்கியது. அவர் குனிந்து பார்த்து, யாருடைய கார் என்று கேட்டார்.

"என்னோடது" என்று சொல்லிவிட்டேன்.

எதில் வேலை நிற்கிறது என்றார். பிரேக்கில் என்றேன். குழாய்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. புதுக் குழாய்களின் முனைகளைப் பிடித்து நிறுத்தும் சின்ன நட்டுகளைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடி வாங்கியிருந்தேன். பழைய கார் என்பதால் மரை, அதாவது திருகுப் புரி, எல்லாமே இன்ச் அளவு. சக்கரத்துப் பக்கம் ஒழுங்காக ஏறின. பெடல் மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் அதைவிட நன்றாக, விரலாலேயே ஏறின. பெருமையோடு காட்டினேன்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, நட்டை ஏற்றி ஆட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ ஈசியா போவக்கூடாதுங்க. லூசா கீது. இது மில்லிமீட்டர் மரை. நடுவுல யாரோ சிலிண்டர மாத்திகீறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் மரை அளந்து சம்பளம் வாங்குகிறவள் நான். உள்ளே போய் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து, பட்டுப்புடவையோடு மண்டியிட்டு அந்தத் துவாரத்தை அளந்தேன். அவர் சொன்னதுதான் சரி. அப்படியே இறுக்கியிருந்தால், ஒருநாள் அவசரமாக பிரேக் மிதிக்கும்போது நட்டு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

அன்று பதில் எதுவும் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். புடவையில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்த அம்மா, தார்ப்பாயை மறுபடி இழுத்துக் காரை மூடினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். பழத் தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே மில்லிமீட்டர் நட்டுகள். என்ன முடிவு என்று அம்மா கேட்பதற்குள் அவர் காரிடம் போய்விட்டார். குழாய் முனையைப் பூ மாதிரி விரிக்கிற கருவியை யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். பொறுமையாக, அழகாக விரித்துவிட்டு, நட்டு எங்கே என்று நிமிர்ந்தார். அது என் கையில் இருந்தது. விரிப்பதற்கு முன்பே அதைக் குழாயில் கோத்திருக்க வேண்டும். இனி நுழையாது. கார் செய்கிறவருக்கும் நினைவில்லை, தரம் பார்க்கிறவளுக்கும் நினைவில்லை. சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. முனையை அறுத்து எறிந்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு இன்ச், மறுபக்கத்துக்கு மில்லிமீட்டர் என்று கோத்து மறுபடி விரித்தோம்.

பிறகு எண்ணெய் ஊற்றிக் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட அவர், எண்ணெய் குறையாமல் ஊற்ற நான். பெடல் மிதிக்க ஆளில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவருடைய அம்மாதான் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். மகன் மிதி என்றால் மிதித்தார், விடு என்றால் விட்டார். முதலில் பெடல் தரை வரைக்கும் போனது.

"பஞ்சுல கால வெச்ச மாரி கீதுடா" என்றார்.

சக்கரம் சக்கரமாக முடித்து வர, பெடல் மெல்ல மெல்ல இறுகியது. பஜ்ஜித் தட்டோடு வந்த அம்மா, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள். பொறுமையிழந்து, முடிவு என்ன என்று கேட்டும்விட்டாள்.

"பொண்ண புடிச்சிகீதுன்னு அன்னிக்கு போற வழியிலயே சொல்ட்டான்" என்றார் அவர் அம்மா, பெடலிலிருந்து காலை எடுக்காமல். "நான்தான் இன்னொரு தபா பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

நான் குனிந்து எண்ணெய் அளவைப் பார்த்தேன். காருக்கு அடியிலிருந்து, மிதி என்று மட்டும் குரல் வந்தது.

அன்று சாயங்காலம் காரைத் தெருவில் தள்ளிப் பார்த்தோம். பெடலை விட்டு இறங்க அவர் அம்மா சம்மதிக்கவில்லை. மகன் ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைத் திருப்பியபடி கூடவே நடக்க, நானும் அம்மாவும் பின்னாலிருந்து தள்ளினோம். தெருமுனையில் அவர் அம்மா ஒரு மிதி மிதித்தார். கார் அங்கேயே நின்றது. ஒரு நட்டிலும் சொட்டு எண்ணெய் கசியவில்லை. தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு எஞ்சினில் கை வைத்தோம். அது இன்னும் ஓடவில்லை.