கை மிஷினுக்கு இரண்டு கால்

காஜா பெராங் ஊரில் பாக்கியலட்சுமி வீட்டைத் தேடி வருகிறவர்கள் வீட்டு எண்ணைக் கேட்பதில்லை. மிஷின் சத்தம் கேட்கிற வீடு என்றால் போதும். அது மேசைமேல் வைத்துச் சுற்றுகிற பழைய கை மிஷின். போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் சாக்குத் துணியில் சட்டை தைத்துக் கொடுத்து, கூலியாக மரவள்ளிக்கிழங்கு வாங்கி வீட்டை ஓட்டியவள் அவள். அதனால் அந்த மிஷினுக்கு மட்டும் யாரும் குறை சொல்லக்கூடாது.

கை மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. வலது கை சக்கரத்தைச் சுற்றப் போய்விடும், துணியைப் பிடிக்க இடது கை ஒன்றுதான் மிஞ்சும். நீளமான தையலுக்கு இன்னொரு ஆள் சுற்றிக் கொடுத்தால் நல்லது. மகள் கோகிலா பல வருஷம் சுற்றிக் கொடுத்தாள். அவள் கல்யாணமாகி செமாபோக்குக்குப் போன பிறகு, அந்த நாற்காலியில் கணவர் ராஜரத்தினம் வந்து உட்கார்ந்தார்.

ராஜரத்தினம் தபால்காரர். பகலெல்லாம் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, குளித்து, தேநீர் குடித்து, மிஷின் பக்கத்தில் உட்காருவார். அவள் "ம்" என்றால் சுற்றுவார், "மெல்ல" என்றால் வளைவு வருகிறது என்று புரிந்துகொள்வார். சுற்றிக்கொண்டே அன்றைய ஊர்க்கதையெல்லாம் வரும். பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் ஒரு வீட்டு நாய் தன்னைக் கண்டால் மட்டும் குரைப்பதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை என்று பாக்கியத்துக்குத் தோன்றும்.

ஐம்பத்தேழாம் ஆண்டு நடுவில் பள்ளிக்கூடத்து டீச்சர் சந்திரமதி ஒரு பெரிய வேலையோடு வந்தாள். மெர்டேக்கா சுதந்திர நாள் அணிவகுப்பில் நடக்கப்போகிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் வேண்டும். பாக்கியம் யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள். அளவெடுத்துத் துணியை வெட்டி அடுக்கிய பிறகுதான் மலைப்பு வந்தது.

அந்த வாரம் ஒரு மாலை அவள் கவனித்தாள். ராஜரத்தினம் தபால் பையை இடது கையால் கழற்றினார். சட்டையைக் கழற்றும்போது முகம் சுளித்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"தோளு வலிக்குதா?"

"யாரு சொன்னா? நீ துணியப் பாரு."

மறுநாள் அவர் அவளைப் பட்டணத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். காதர் மைதீன் கடையில் புதுக் கால் மிஷின் ஒன்று பளபளவென்று நின்றது. அவர் ஏற்கெனவே வந்து பேசிவைத்திருக்கிறார் என்பது காதர் மைதீன் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

"உக்காந்து மிதிச்சுப் பாருங்கம்மா. கால் பாட்டுக்கு ஓடும், ரெண்டு கையும் உங்களுக்கு."

பாக்கியம் உட்கார்ந்து மிதித்தாள். துணி நழுவிக்கொண்டு நேராக ஓடியது. பிடித்துத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். நிமிர்ந்து பார்த்தாள். ராஜரத்தினம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"யோசிச்சுச் சொல்றோம் பாய்" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ராஜரத்தினம் கேட்டார்: "ஒனக்குன்னு நான் என்ன வாங்கிக் குடுத்திருக்கேன்? இதையாவது வாங்கிக்கக் கூடாதா? மாசா மாசம் கட்டிக்கலாம்."

"வேணாம்னு சொல்லலீங்க. அதுல அப்படி என்ன இருக்குன்னு பாக்குறேன்."

அன்று இரவு அவள், கடையில் ஓட்டிப் பார்த்துக் கையோடு கொண்டுவந்திருந்த துண்டுத் துணியை எடுத்துத் தன் மிஷினில் தைத்த துணியோடு வைத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள், இழுத்தாள், திருப்பினாள். இரண்டு தையலுக்கும் வித்தியாசமே இல்லை. இந்த மிஷினுக்கு ஒரு குறையும் கிடையாது. கால்தான் கிடையாது.

காலையில் தனியாகவே கடைக்குப் போனாள்.

"பாய், கால் மட்டும் தனியா கெடைக்குமா? என் மிஷினை அதுமேல வச்சு ஓட்டலாமா?"

காதர் மைதீன் தாடையைச் சொறிந்தார். புது மிஷின் விற்க நினைத்தவருக்கு இந்தக் கேள்வி இனிக்கவில்லை. ஆனாலும் மறைக்கவில்லை. "ஓட்டலாம்மா. கைப்பிடியைக் கழற்றிட்டு வார் போடணும். பின்னால ஒரு பழைய கால் கிடக்கு, துருவை எடுத்துத் தாரேன்."

புது மிஷின் விலையில் சின்னப் பங்குகூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் காதர் மைதீனே வந்து மாட்டிக் கொடுத்தார். கழற்றிய கைப்பிடி மேசைமேல் கிடந்தது.

ராஜரத்தினம் வந்தார். மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். குளித்து, தேநீர் குடித்து, பழக்கத்தில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பாக்கியம் மிதித்தாள். மிஷின் ஓடியது. அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. சற்று நேரம் கைகளைத் தொடைமேல் வைத்திருந்தார். பிறகு, "நான் கடைப்பக்கம் போயிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

அவள் இரண்டு சட்டைகளை மளமளவென்று முடித்தாள். மூன்றாவதை எடுத்தபோது வீடு வெறிச்சென்று இருந்தது. இவ்வளவு நாளும் தான் வாங்கிக்கொண்டது அவர் கையை மட்டுமல்ல என்று அப்போதுதான் உறைத்தது. காலை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்ததும் தைத்த சட்டையையும் பட்டன் டப்பாவையும் அவர் மடியில் வைத்தாள்.

"இது என்ன?"

"பட்டன். மிஷினுக்கு இது வராது, கையாலதான் தைக்கணும். எனக்கு யாரு இருக்கா?"

"எனக்கு ஊசியே பிடிக்கத் தெரியாதே பாக்கியம்."

"கடுதாசில எழுத்து எவ்வளவு பொடிசா இருந்தாலும் படிச்சிடுறீங்க. ஊசிக்காது தெரியாதா?"

முதல் பட்டனைச் சட்டையோடு தன் வேட்டியையும் சேர்த்துத் தைத்துவிட்டார். பாக்கியம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ரோஷன் பீவி எட்டிப் பார்த்து, "என்னக்கா நடக்குது?" என்றாள். இரண்டாவது பட்டன் கோணல். மூன்றாவது ஒருவழியாக நின்றது. அதற்குள் தோளை மறந்து, மறுபடி ஊர்க்கதை ஆரம்பித்திருந்தார். தெலோக் மாஸில் ஒரு கிழவர், மகனிடமிருந்து கடிதம் வராத நாளிலும் வாசலில் நின்று இவருக்குத் தண்ணீர் கொடுத்தாராம்.

சட்டைகள் நேரத்துக்கு முடிந்தன. அணிவகுப்பன்று இருவரும் கூட்டத்தில் நின்று பார்த்தார்கள். எல்லோரும் கொடியைப் பார்த்தபோது ராஜரத்தினம் பிள்ளைகளின் சட்டைப் பட்டன்களையே பார்த்தார்.

"ஒண்ணுகூட விழலை" என்றார் அவள் காதோரம்.

"பேசாம கொடியப் பாருங்க" என்றாள் பாக்கியம். சொல்லிவிட்டு அவளும் பட்டன்களைத்தான் பார்த்தாள்.