கண் வைக்காத மீன்

காலை 8.10. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டியில் ஏறினேன். இருபத்தொன்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய். மே மாதம். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டிருந்தேன். சீட்டைக் கொடுத்த நடத்துனர், "இன்னா அண்ணாத்த, அனல் அடிக்குது, ஃபுல் கை போட்டுகினு கீற?" என்றார். சிரித்து வைத்தேன். புது ஆளிடம் எனக்குச் சட்டென்று பேச்சு வராது.

நான் போகிற காரியமே அந்தக் கையைக் காட்டத்தான்.

முந்தின நாள் யூசுப் போனில் கூப்பிட்டிருந்தான். திருவிடந்தைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அதோடு படிப்பை விட்டு நான் செங்கல்பட்டில் பஞ்சர் ஒட்டப் போனேன். அவன் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சட்டை தைக்கிறான்.

"மச்சான், எம்புள்ள இர்பான் நெஞ்சுல பிளேடால கீறிக்கப் போறானாம். பச்ச குத்துறது இல்ல. கீறி, தழும்பையே படமா வளக்குறதாம். மார்க்கத்துல கூடாதுடான்னேன், கேக்க மாட்டேங்கிறான். நீ வந்து உன் கைய காட்டு. பாத்தா பயந்துடுவான்."

8.45. திருக்கழுக்குன்றத்தில் ஒரு அம்மா முந்திரிப்பழக் கூடையோடு ஏறி என் காலடியில் வைத்தார். அந்த வாசனை போதும். மலை பின்னால் போனது எனக்குத் தெரியவில்லை.

பள்ளி லீவு. முந்திரித் தோப்பு. பச்சைக் கொட்டையைக் கல்லில் நசுக்கினால் கசியும் பால் தோலைச் சுட்டுவிடும். பெரியவர்கள் அதைத் தொடாதே என்பார்கள். நாங்கள் ஈர்க்குச்சியில் தொட்டு கையில் படம் போட்டுக்கொண்டோம். யூசுப் என் முன்கையில் மீன் வரைந்தான், நான் அவன் கையில் வரைந்தேன். நெருப்பாக எரிந்தது. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன். எனக்குக் கொப்புளம் சீழ் வைத்து, ஆறும்போது கயிறு மாதிரித் தடித்து எழும்பிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் "எங்கே சுட்டுக்கொண்டாய்?" என்றுதான் கேட்டார்கள். பஜ்ஜி எண்ணெய் தெறித்தது என்று என் மனைவி இன்றைக்கும் நம்புகிறாள். மீன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

9.25. மாமல்லபுரம். உப்புக்காற்று. யூசுப்புக்குத் தாடி நரைத்திருந்தது. நேரே கடற்கரைக்குப் போகும் சந்தில், பச்சை குத்தும் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனான். சுவரெல்லாம் படங்கள். ஆப்பிரிக்கப் பெண்களின் வயிற்றிலும் முதுகிலும் வரிசை வரிசையாகத் தழும்புப் புள்ளிகள். நகை போட்ட மாதிரி இருந்தது. கடைக்காரி ஜோதி இந்த ஊர்ப்பெண். இர்பான் சட்டையைக் கழற்றி உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் பேனாவால் ஒரு பருந்து வரைந்திருந்தது.

"வந்துட்டாரா அத்தா? சாட்சி வேற கூட்டினு வந்துகீறாரு" என்று ஜோதியிடம் சொன்னான்.

"வாய மூடு. மச்சான், காட்டு."

பொத்தானைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. யூசுப்பே கழற்றிச் சட்டைக் கையை மேலே தள்ளினான். ஜோதி விளக்கை இழுத்துக் குனிந்தாள்.

"அட, மீனு! வால் கூட பிரிஞ்சி அழகா கீது. யாருண்ணா போட்டது?"

யூசுப்பைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"யாரு மாமா?" என்றான் இர்பான்.

"உங்க அத்தாதான்."

இர்பான் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "மார்க்கத்துல கூடாதுன்னியே அத்தா!"

"பத்து வயசுல இன்னாடா மார்க்கம் தெரியும்? முந்திரிப் பாலத் தொட்டு அதே குச்சியால எனக்கும்தான் இவன் போட்டான்."

"எங்க, காட்டு."

யூசுப் கையை விளக்கில் நீட்டினான். திருப்பினான். தேய்த்தான். ஒன்றுமில்லை. "இங்கதான்டா இருந்துச்சு..."

ஜோதி இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "ஒரே பாலு, ஒரே குச்சி. இவருக்கு எழும்பி நிக்குது, உங்களுக்குக் காணாமப் போச்சு. நான் கீறத்தான் முடியும், தோலு இன்னா பண்ணும்னு சொல்ல முடியாது. இர்பானு, உனக்கும் உங்க அத்தா தோலா இருந்தா, பருந்து பறந்துடும். அப்புறம் வந்து சண்ட போடாத."

இர்பான் அப்பாவின் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையை எடுத்து மாட்டினான். "வலி மட்டும்தான் மிச்சம்னா வேணாம்க்கா."

வந்த காரியம் முடிந்தது. ஆனால் யூசுப்பின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவன் வீட்டில் சாப்பிட்டபோதும் இடது கையால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மதியம் 2.15. பேருந்து நிலையம். வண்டி கிளம்புவதற்கு முன் என் கையைப் பிடித்து விரலால் மீனைச் சுற்றி வந்தான்.

"கண்ணு வெக்கல பாரு. நீதான் கைய இழுத்துட்ட."

"எரிஞ்சிச்சுடா."

"ஒனக்காவது கீதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

காலையில் வந்த அதே வண்டி, அதே நடத்துனர். ஜன்னலோரம் கையை வைத்திருந்தேன். சட்டைக் கையை இறக்கிவிட மறந்திருந்தேன்.

"இன்னா அண்ணாத்த, சுட்டுகினியா?"

"இல்லீங்க. மீனு."

அவர் குனிந்து பார்த்தார். "ஆமால்ல! கண்ணக் காணோமே?"

"வெக்க வேண்டியவன் இந்த ஊர்லதான் கீறான்" என்றேன்.