ஜெஸ்லின் பாடும் இடம்

கீபோர்டு வாங்கப் போகிறவனுக்குத் துணை போவதைப் போல வெட்டி வேலை வேறில்லை. ஆனாலும் போனேன். மார்ட்டினின் பெட்டிகளைக் கச்சேரிக்குக் கொண்டுபோவது என் லோடு ஆட்டோதான். அதற்கு முன்னால் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவனும் நான்தான். இடது கையால் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அமுக்கிக் கார்ட்ஸ் பிடித்தால் தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் தானே வாசிக்கிற கீபோர்டு ஒன்றை அவன் வாங்கினான். மேடையில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோபப்பட்டேன், நிறையவே. அதற்காக ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட முடியுமா? பாலக்கரையில் அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர்.

நான் இறங்கிய பிறகு மேடையில் இரண்டு பேர். மார்ட்டின் வாசித்தபடியே பாடுவான். அவன் மனைவி ஜெஸ்லின் பாடுவாள். உண்மையைச் சொன்னால் கச்சேரி அவளுடையது. ரிசப்ஷனோ, வளைகாப்போ, மாதா கெபித் திருவிழாவோ, "அந்தப் பொண்ணு வருமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

போன வருஷம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன். கட்டி போனது, உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் மட்டும் திரும்பவில்லை. வெறும் காற்றாக ஏதோ வரும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் புரியும். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அழவில்லை. மார்ட்டினும் அழவில்லை. இருவரும் மரத்துப்போய் நடமாடினார்கள். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்பான். என்ன சாப்பிட்டாய் என்றால் யோசிப்பான்.

வந்த கச்சேரிகளையெல்லாம் வேண்டாமென்றான். பழைய யமஹாவில் அவன் சேமித்து வைத்திருந்த பாட்டெல்லாம் ஜெஸ்லினின் சுருதியில் இருந்தன. எந்தப் பாட்டைத் திறந்தாலும் அவள் தொண்டைக்குத் தோதான உயரத்தில் ஆரம்பிக்கும். அங்கே நின்று இவன் பாடினால் சேவல் கூவியது போல இருக்கும். சுருதியை இறக்க ஒரு பட்டன் போதும். அதைத்தான் அவன் அமுக்கவில்லை. திறப்பான், வாசிப்பான், மூடுவான்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போனது. "போச்சு" என்றான், பால்காரன் வரவில்லை என்பது மாதிரி. பாட்டெல்லாம் ஒரு பென்டிரைவிலும் இருந்ததால் அவை தப்பின. அந்த வாரமே ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிசப்ஷனுக்கு ஜெஸ்லின் வாட்ஸ்அப்பில் சம்மதம் சொல்லிவிட்டாள். அவர் மட்டும் வருவார் என்று எழுதியிருந்தாள். இதையும் விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சாலை ரோட்டுக் கடையில் பானுப்ரியா என்ற பெண் எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். யமஹா, கோர்க், ரோலண்ட். எனக்கு ரோலண்டின் பியானோ சத்தம் பிடித்தது, என்னை யார் கேட்டார்கள்? என்னைக் கேட்டால், எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? மூன்றிலும் டிரம்மர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

"யமஹா எடுத்தா உங்க பழைய பென்டிரைவ்ல இருக்கறது ஏறிடும் சார். சுருதி, செட்டிங் எல்லாம் அப்படியே வரும்" என்றாள். "கோர்க்னா முதல்லேருந்து போடணும். ஆனா இந்த மாடல்ல ஹார்மனி இருக்கு. நீங்க மைக்ல பாடினா கூடவே ஒரு லேடீஸ் வாய்ஸும் பாடும். பாடிப் பாருங்க."

மார்ட்டின் இரண்டு வரி பாடினான். அவன் குரலுக்கு மேலே ஒரு பெண்குரல் வந்து உட்கார்ந்தது. சுருதி பிசகவில்லை. மூச்சு வாங்கவில்லை.

"பாத்தீங்களா? லேடி சிங்கரே தேவையில்ல சார்" என்றாள் பானுப்ரியா. பாவம், பின்னால் நிற்பது யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறக்கப் போனேன். ஜெஸ்லின் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் காதருகே போனாள்.

"பழைய பாட்டு எதுவும் இதுல ஏறாதுல்ல?"

"ஏறாதுக்கா. வேற கம்பெனி."

"அப்ப இதையே போடுங்க."

மார்ட்டின் அன்றைக்கு முதன்முறையாக நிமிர்ந்தான். "யமஹாவே இருக்கட்டும் ஜெஸ்லின். எல்லாம் அதுலதான் இருக்கு."

"எல்லாம் என் சுருதியில இருக்கு. உங்களுக்கு எதுக்குங்க அது?"

அவன் யமஹாவின் மேலிருந்து கையை எடுத்தான். பிறகு "சரி" என்றான்.

அதற்கப்புறம் தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே பாட்டு இறங்கி இறங்கிக் கேட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று கையால் காட்டினாளாம்.

ரிசப்ஷன் மண்டபம் அம்மா மண்டபம் ரோட்டில். ஜெஸ்லின் மேடைக்கு வரவில்லை, முன்வரிசையில் உட்கார்ந்தாள். மார்ட்டின் தன் சுருதியில் பாடினான். மோசமில்லை, பிரமாதமுமில்லை. பந்திக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒரு டூயட் கேட்டார்கள். ஆண் பாடும் சரணம் முடிந்தது, அடுத்தது பெண் பாட வேண்டியது. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற எனக்கு அந்த ஹார்மனி பட்டன் தெரிந்தது. அவன் விரல் அதன் மேல் இருந்தது. அமுக்கவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. தாளம் ஓடியது, கார்ட்ஸ் மாறின, பாடுகிற குரல் மட்டும் இல்லை.

ஜெஸ்லினைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எப்போதும் மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுத்தாள். மார்ட்டின் அவள் வாயைப் பார்த்துப் பார்த்து வாசித்தான். கடைசி வரியை வழக்கம்போல் இழுத்தாள். அவன் தாளத்தை இன்னொரு சுற்று ஓடவிட்டுக் காத்திருந்தான். என் இடத்துக்குப் பெட்டி வந்தபோது எனக்காக யாரும் ஒரு சுற்றுகூடக் காத்திருந்ததில்லை. பொறாமையாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

மணப்பெண்ணின் மாமா பீமராவ் பதறிப்போய் மேடையருகே ஓடி வந்தார். "என்ன தம்பி, மைக் கட்டாயிடுச்சா?"

மைக் ஆனில்தான் இருந்தது. மார்ட்டின் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இல்லைங்க சார். அவங்க பாடிக்கிட்டிருக்காங்க."