பேச்சு நிற்கும்வரை

எங்கள் வீட்டில் நோயாளியிடம் ஃபாதரைக் கூப்பிடுவதற்கு ஒரு நேரம் இருந்தது. பேச்சு நின்ற பிறகு. அதற்கு முன் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார், பயந்தால் போய்விடுவார் என்று அம்மா சொல்லுவார். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். நோயில் எண்ணெய் பூசுதல் சாகிறவர்களுக்கு மட்டும் இல்லை, சுகமாவதற்கும்தான் என்று ஃபாதர் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் சொன்னார். தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து பழையபடிதான் நடந்தோம். அம்மாவுக்கும் அப்படித்தான் எண்ணெய் பூசினது. பூசினது அவருக்குத் தெரியாது.

என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். ஞாயிறு பூசை ஒன்றும் விடமாட்டார். ஆனால் பதினொரு வருஷமாக நன்மை எடுக்கவில்லை, பூசையில் ஃபாதர் தரும் நற்கருணை அப்பத்தை வாங்கவில்லை.

காரணம் அவருடைய தம்பி. தம்பியின் மகள் கோயிலில் கட்டாமல் ஒரு சிங்களப் பையனைப் பதிவு மட்டும் செய்துகொண்டாள். இவர் தம்பி வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் முன்னால், "இண்டையோட எனக்குத் தம்பி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் தம்பி மருதானை ஸ்டேஷனில் விழுந்து செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போன இவர் கேற்றுக்கு வெளியிலேயே நின்றார். அதற்குப் பிறகு நன்மைக்குப் போகவில்லை.

"தம்பியிட்ட மன்னிப்புக் கேக்காமல் எந்த வாயால நன்மை எடுக்கிறது?"

"அதுக்குத்தானே பாவசங்கீர்த்தனம் இருக்கு. போய் ஃபாதரிட்டப் பாவத்தைச் சொல்லுங்கோவன்."

"ஃபாதருக்கு எங்கட மகள்ட வயசு. அந்தப் பிள்ளையிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது? பாப்பம்."

கோயிலில் அவர் நிற்பது கடைசியில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில். நன்மைக்கு வரிசை நகரும்போது ஓரமாக விலகி, பின்னால் நிற்பவர்களுக்குக் கைகாட்டுவார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என்ன அண்ணை, கோயிலுக்கு செக்கியூரிட்டியோ?"

"ஓம் தங்கச்சி. ஆசீர்வாதம் குடுக்கமுதல் ஓடுற ஆக்களைப் பிடிக்கத்தான். உங்களைத்தான் முதல்ல பிடிக்கோணும்."

எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

போன தவக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் தண்ணீர் கட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மத்தியானம் நோயாளரைப் பார்க்கவிடும் நேரம் நான் சோறு கொண்டுபோவேன். மூன்று கட்டில் தள்ளி இருந்த ஒருவருக்கு ஒருநாள் எங்கள் ஃபாதர் வந்து பூசிவிட்டுப் போனார். அடுத்த நாள் நான் போனபோது அந்தக் கட்டிலில் புதுத் துணி விரித்திருந்தது. அது என் மனதில் முள்ளாய்க் குத்தி நின்றது.

அன்றைக்கு அவருக்கு முகம் தெளிவாக இருந்தது. இரண்டு வாய் கூடச் சாப்பிட்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"இஞ்ச, ஃபாதரை ஒருக்கா வரச் சொல்லுறியே? சொல்லிப்போடலாம் போல கிடக்கு."

பதினொரு வருஷம் நான் கேட்டுக் கேட்டு அழுத வார்த்தை அது. எனக்கு அந்தப் புதுத் துணி விரித்த கட்டில்தான் கண்ணில் வந்தது.

"ஏன், உங்களுக்கு என்ன வந்தது இப்ப? வியாழக்கிழமை டிக்கட் வெட்டி வீட்ட விடுவினமாம், நேர்ஸ் சொன்னவ. வீட்ட வந்து ரெண்டு பேருமாக் கோயிலுக்கே போவம்."

அவர் என் கையை விட்டார்.

"சரி. பதினொரு வருஷம் நிண்டனான், இன்னும் ரெண்டு நாள் நிக்கமாட்டனே?"

அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விடியச் சாமம் போய்விட்டாராம். காலை ஏழு மணிக்குத்தான் எனக்கு அறிவித்தார்கள். ஃபாதரையும் ஏற்றிக்கொண்டு திரீவீலரில் ஓடினேன். முகத்தை மூடியிருந்தார்கள். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்துபோய்க் கிடந்தது.

"ஃபாதர், கொஞ்சம் பூசிவிடுங்கோ."

"அம்மா, திருவருட்சாதனம் உயிரோட இருக்கிறவைக்குத்தான். நாங்க அவருக்காகச் செபிப்பம்."

எண்ணெய்ச் சிமிழ் ஃபாதருடைய பையிலேயே இருந்தது. அவர் செபித்தார். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

மகள் தெஹிவளையிலிருந்து வந்து, "அப்பா கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். வீட்ட வரவேணும் என்று சொன்னவர் என்றேன். அந்தப் பொய்யை இன்னும் திருத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அவர் கேட்டதையும் நான் மறித்ததையும் சொன்னேன். மகளுக்குச் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"அவர் ஆசைப்பட்டது ஆண்டவருக்குத் தெரியும் அம்மா. ஆண்டவர் அந்த ஆசையைப் பாப்பார்."

"அண்டைக்கு மத்தியானம் நீங்க எங்க ஃபாதர் நிண்டனீங்க?"

"இஞ்ச பங்குமனையிலதான் இருந்தனான். ஏன் அம்மா?"

ஃபாதர் பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு செபமாலை சொல்லும்படி தபசு தந்து, கையை உயர்த்தி எனக்குப் பாவமன்னிப்புத் தந்தார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷமும் இல்லை. கேட்டவருக்குக் கிடைக்கவில்லை. மறித்தவளுக்குக் கிடைத்தது.

ஃபாதர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆண்டவர் இரக்கமுள்ளவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டவர் எனக்கு வேறு என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இரவில் செபமாலையைக் கையில் எடுத்தால், ரெண்டு நாள் நிக்கமாட்டனே என்ற சத்தம்தான் கேட்கிறது. முதல் பத்து மணியைத் தாண்டி விரல் நகராது. அந்தத் தபசை நான் இன்னும் முடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வரிசை நகரும்போது பக்கத்து வீட்டுப் பெண் என் தோளில் தட்டி, "போங்கோ அக்கா" என்கிறாள்.

"நீங்க போங்கோ தங்கச்சி" என்று விலகி இடம் விடுகிறேன். பதினொரு வருஷம் இங்கே நின்றவருக்கு முன்னால் போக எனக்குக் கால் வரவில்லை.