தலைக்கு ஒரு கட்டணம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், வாடகைக்கு ஒரு வீடு எடுத்துப் பார் என்பதை ஏன் விட்டார்களோ தெரியவில்லை. அவர்களெல்லாம் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுத்தவர்களாக இருந்திருப்பார்கள்.

என் எதிர் வீட்டுக்காரரைக் கட்டடத்தில் எல்லோரும் திரைக்காரர் என்றுதான் சொல்வோம். ஜன்னல் திரைச்சீலை விற்கும் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பார், துணியை வெட்டித் தையலுக்குக் கொடுப்பார், தைத்து வந்ததும் கம்பியில் மாட்டிவிட்டு வருவார். குடி கிடையாது, கடன் கிடையாது, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே கிடையாது. ஒரே ஒரு குறைதான். வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டார். கடைக்காரன் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தாலும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். "கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குங்க" என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாய் இருந்தது, சாப்பிட மட்டும் பயன்பட்டது.

இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, அவர் மனைவி என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதது.

திரைக்காரர் முன்பு இருந்த வீட்டின் உரிமையாளர் தன் மகனுக்கு வேண்டுமென்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதே சமயத்தில்தான் திரைக்காரரின் மாமியார் காலமாகி, மாமனார் தனியாக ஒற்றை அறையில் இருந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். "எதுக்குப்பா தனியா கெடக்கற? எங்களோட வந்துடு" என்றாள் மகள். வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இது வீட்டோடு மாமனார். அவர் வெறுங்கையோடு வரவில்லை. தன் அறையைக் காலி செய்து, அதற்குக் கொடுத்திருந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கி, அப்படியே மாப்பிள்ளையின் கையில் வைத்தார். புது வீட்டு அட்வான்ஸில் பாதிக்கு மேல் அவர் பணம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், பின்னால் வருவதெல்லாம் அப்போதுதான் உறைக்கும்.

இந்தக் கட்டடத்து வீடுகளை உரிமையாளர்கள் நேராக விடுவதில்லை. ஓர் ஏஜென்சி மூலமாகத்தான். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பெண். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அவள் மேல் கோபப்பட்டு எழுத ஆரம்பித்த வரிகளை நானே அடித்துவிட்டேன். அவளுக்கும் மேலே ஒருவன் இருப்பான். வீட்டைக் காட்டியதற்கு ஒரு கட்டணம். வேறு யாருக்கும் விடாமல் பிடித்துவைக்க ஒரு கட்டணம். ஏஜென்சிக்கு ஒரு மாத வாடகை. ஒப்பந்தம் எழுத ஒன்று. நாம் குடியேறப் போகும் வீட்டை நமக்கு முன்னால் பெருக்கித் துடைத்ததற்கு ஒன்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். திரைக்காரர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றாராம். ஏன், எதற்கு, குறைக்க முடியுமா, எதுவும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கோட்டு போட்ட ஒருவர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் பேரம் பேசுவது ஒரு மாதிரியாக இருந்ததாம்.

கடைசியில் அவள் கேட்டாள். "வயசு வந்தவங்க தலைக்கு ஒரு சரிபார்ப்புக் கட்டணம் சார். வீட்ல எத்தனை பேர் இருப்பீங்க?"

கொண்டுவந்த பணம் அதற்குள் தரைதட்டிவிட்டது. இரண்டு தலைக்குத்தான் மிச்சம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு விழிப்பது போல விழித்தார். அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துணி கொஞ்சம் குறைந்தால் முகப்பில் கைவைக்க மாட்டார்கள். அடியில் மடித்துத் தைக்கும் இடத்தில் எடுத்துவிடுவார்கள், பார்க்கிறவன் கண்ணில் படாது. அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது என்று நினைத்துக்கொண்டார்.

"நானும் வைஃபும். ஒரு சின்னப் பொண்ணு."

"வேற யாரும்?"

"வேற யாரும் இல்லீங்க."

சொல்லாத ஆள் வீட்டில் தங்குவது தெரிந்தால் ஒப்பந்தம் ரத்து, அட்வான்ஸ் திரும்பி வராது என்று ஒரு விதி. அதற்கும் "சரிங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி கொதித்துப் போனாள். "எங்கப்பா பணத்துல எங்கப்பாவுக்கே எடம் இல்லையா?" கிழவர்தான் சிரித்துச் சமாளித்தார். "விடும்மா. அறுபத்தெட்டு வருஷமா என்னை யாரும் சரிபார்க்கல. இப்ப பார்த்தா மட்டும் சரியாவா இருக்கப் போறேன்?"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சியிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முன்னாடியே போன் வரும். அன்று காலையில் மாமனார் தன் துணிமணி, பல் செட்டு டப்பா, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். எந்தப் பேருந்திலும் ஏறமாட்டார். மகள் போய்க் கூப்பிட்டால் எழுந்து வருவார். ஒருநாள் நானே அங்கே அவரைப் பார்த்துவிட்டு, "எங்க பயணம்?" என்று கேட்டேன். "சும்மா, காத்து வாங்க" என்றார். மடியில் பையை வைத்துக்கொண்டு காற்று வாங்குகிறவரை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்படியே இரண்டு தடவை ஓடியது. மூன்றாவது தடவைதான் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது. சமையலறைத் தொட்டியின் குழாய் சில நாளாகச் சொட்டிக்கொண்டிருந்ததால் மாமனார் பழைய பனியனோடு தரையில் மல்லாந்து, தலையைத் தொட்டிக்கு அடியில் விட்டு ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அழைப்புமணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தால், ஏஜென்சிப் பெண்.

"கீழ ஒரு வீடு காட்ட வந்தேங்க. அப்படியே உங்களதையும் பார்த்துட்டா இன்னொரு தடவை வர வேண்டாம்ல?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, ஹாலைப் பார்த்து, நேராகச் சமையலறை வாசலில் நின்றாள். தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது யாரு சார்?"

திரைக்காரரின் கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. தொட்டிக்கு அடியிலிருந்துதான் பதில் வந்தது. "பிளம்பருங்கம்மா. குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க."

கிழவர் எழுந்து உட்கார்ந்து, ஒரு பிளம்பர் கும்பிடுவது போலக் கும்பிட்டார். அவர் நிஜமாகவே பிளம்பர்தானே, நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அந்த அளவில் முடிந்திருந்தால்கூட, சரி, வயிற்றுப்பாடு, வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் என்று விட்டிருக்கலாம்.

அவள் ஹாலுக்குத் திரும்பினாள். சுவரோரம் மடக்குக் கட்டில் நின்றது. அதைப் பார்த்து, எந்த உள்நோக்கமும் இல்லாமல் சொன்னாள். "பெரியவங்க யாராவது வந்து இருக்கற மாதிரி இருந்தா சொல்லிடுங்க சார். அறுபது தாண்டினவங்களுக்கு அந்தத் தலைக்கட்டணம் கெடையாது. பேரை மட்டும் சேர்த்துக்குவோம்."

கட்டணமே கிடையாது. முதல் நாளே "எங்க மாமனாரும் இருக்கார், என்ன செய்யலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள். கோட்டு போட்டவர் காதில் விழுந்துவிடுமே என்று அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் வந்தவர் இவர்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். சமையலறையில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? ஒரு நிமிஷத்துக்கு முன் தலையை ஆட்டியது பொய் என்று ஆகும். மாமனாரைத் தரையில் கிடத்திவைத்துப் பிளம்பர் என்று சொல்ல விட்டவன் என்று இந்தப் பெண் நினைப்பாள். முதல் பொய் காசுக்காகச் சொன்னது. இந்த இரண்டாவது பொய், தன் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றார் திரைக்காரர்.

மாமனார் பையில் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "வேலை முடிஞ்சுதுங்க" என்று நின்றார். நிற்கத்தானே வேண்டும், கூலி வாங்காமல் எந்தப் பிளம்பர் போவான்?

"எவ்வளவு கேக்கறாரு?" என்றாள் ஏஜென்சிப் பெண், உதவி செய்கிற தோரணையில்.

"இருநூறு குடுங்கம்மா."

"ஒரு வாஷர் மாத்த இருநூறா? சார், நூத்தைம்பதுக்கு மேல குடுக்காதீங்க. இவங்க இப்படித்தான் கேப்பாங்க."

வாழ்நாளில் யாரிடமும் பேரம் பேசியிராத மனிதர், முதல் பேரத்தை அன்று பேசினார். "நூத்தைம்பது வாங்கிக்கோங்க, பெரியவரே."

கல்யாணமான நாளிலிருந்து "மாமா" என்று கூப்பிட்ட வாய். நோட்டுகளை நீட்டினார். கிழவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விட்டாள்.

அதோடும் விடவில்லை விதி. "அடுத்த தெருவுல எங்க ஏஜென்சி வீடு ஒண்ணுல ஃப்ளஷ் ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க நல்லா பண்றீங்க, வந்து பார்த்துடுங்களேன். என் வண்டியிலயே வாங்க" என்றாள் அந்தப் பெண். மறுக்க என்ன காரணம் சொல்வது? மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் படியிறங்கினார். தன் வீட்டிலிருந்து கூலியை வாங்கிக்கொண்டு வெளியே போனார். திரைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் முழுக்க அந்த வீட்டில் சாப்பாடு போட்ட தட்டு அப்படியே கிடந்ததாம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாளாம்.

பொழுது சாயும் நேரத்தில் மாமனார் படியேறி வந்தார். அவருக்காகத்தான் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நேராக உள்ளே போகவேண்டியவர், வாசல் மிதியடியில் நின்று அழைப்புமணியை அடித்தார். "சார், ஸ்பேனரை வெச்சுட்டுப் போயிட்டேன்" என்று தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

மகள் ஓடிவந்தாள். "என்னப்பா இது? தொறந்துதானே இருக்கு!"

"மெதுவாப் பேசு. அந்தம்மா கீழ வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க. ஸ்பேனரை மறந்துட்டேன்னு சொல்லித்தான் திரும்பி வந்தேன். கீழயே நிக்கறாங்களோ என்னவோ."

சொந்த வீட்டுக்குத் திரும்பி வர அந்த மனிதருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. திரைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு ஹாலில் நின்றார். பிறகு போனை எடுத்தார். "ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்கும் கேக்கணும்" என்றாள் மனைவி. நான் என் வாசலில்தான் இருந்தேன். உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை.

"மேடம், காலையில பார்த்தீங்களே, அந்தப் பிளம்பர்... அவர் எங்க மாமனாருங்க. எங்களோடதான் இருக்கார். நான் பொய் சொல்லிட்டேன்."

அட்வான்ஸ் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.

"அப்படியா சார்?" என்றாள் அவள், குழப்பத்தோடு. "வண்டியில வரும்போது கேட்டேனே. இந்த வயசுல வேலைக்கு வர்றீங்களே, புள்ள குட்டி யாரும் இல்லையான்னு. யாரும் இல்லம்மா, நான் தனிக்கட்டைன்னு சொன்னாரே? கேக்கவே பாவமா இருந்துச்சு, ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்... சரி விடுங்க சார், நாளைக்கு வந்து பேரைச் சேர்த்துடுங்க."

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "தனிக்கட்டையாப்பா? நான் இருக்கறப்பவா?"

கிழவர் இன்னும் மிதியடியைத் தாண்டவில்லை. தப்பு செய்து அகப்பட்டவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேற என்னம்மா சொல்றது? மாப்ள அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிட்டாரு. நானும் அதையேதான சொல்லணும்?"

திரைக்காரர் வாசலுக்கு வந்தார். "மாமா" என்றார். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். நான் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.