வெட்டிப் போட்ட ராணி அறைகள்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவள் காலடியில் இன்னொன்று. வருடக்கணக்காக மிதித்து மிதித்து, வலது கால் இப்போது அவள் பேச்சைக் கேட்பதே இல்லை. வீட்டில் யாராவது டம்ளரில் தேநீரை விளிம்பு வரை ஊற்றினால் மேசைக்கு அடியில் தரையை மிதிப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளால் கட்டின கணவருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கையெடுத்துக் கும்பிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஊசி, நூல், துணி என்றால் சிங்கம். சிறகுள்ள எதைக் கண்டாலும் ஒரு முழம் பின்வாங்குவார். ஒருமுறை தேனீ இமையில் கொட்டி, ஒரு கண் பூரி மாதிரி உப்பியதிலிருந்து சமையலறைப் பின்கதவு அவருக்கு எல்லைக்கோடு. அதைத் தாண்ட மாட்டார். மனைவி தலையில் போட்டுக்கொள்ளும் வலைத்தொப்பியைத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அதையும் ஜன்னல் கம்பி வழியாகத்தான் நீட்டினார்.

ஏனென்றால் அந்தக் கதவுக்கு அப்பால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே, எலுமிச்சை மரத்தடியில், செங்கல் அடுக்கின் மேல் தேனீப் பெட்டி இருந்தது. டயர்கடைக்காரர் கொடுத்தது. டயர் விற்கிறவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று விடியற்காலையில் இருட்டோடு வந்து இவளிடம் கற்றுக்கொண்டவர் அவர். ரகசியம் காத்ததற்குப் பரிசாக, தான் வளர்க்கும் கூட்டங்களில் ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்தார். ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மூடியைத் திறந்துவிட்டார். அன்றைக்கு வாயடைத்து நின்றவள்தான். வாய் ஓயாத பிரேக்கக்கா வாயை மூடுகிற ஒரே இடம் அதுவாகிப் போனது.

அவளை அசத்தியது தேன் இல்லை. உள்ளே யாரும் யாரையும் அதட்டவில்லை என்பதுதான். நாள் முழுக்க ‘திரும்பு, நிறுத்து, கண்ணாடியைப் பார்’ என்று கத்திவிட்டு வருகிறவளுக்கு அது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் இருட்டுக்குள், ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறி நடந்துகொண்டு, மோதாமல், சண்டை போடாமல் வேலை பார்க்கிறார்கள். பிறந்த குஞ்சு அறை துடைக்கிறது, வளர்ந்தது புழுவுக்கு ஊட்டுகிறது, வயதானது வெளியே போகிறது. சில வாரம் உழைத்துச் சிறகு கிழிந்து எங்கேயோ விழுந்துவிடுகிறது. முதல் நாள் அவள் பார்த்த தேனீ ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் கூட்டம் அதே கூட்டம், அதே குணம், அதே வாசனை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்படிப்பட்ட கூட்டத்தின் குடியைத்தான் அவள் தன் கையாலேயே கெடுத்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலை. பெட்டியைத் திறந்து, அடை கட்டிய சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஓர் அடையில் வேர்க்கடலை மாதிரி நீளநீளமாக ராணி அறைகள். புது ராணி வளர்கிற தொட்டில்கள். புது ராணி வந்தால் பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பறந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவ்வளவுதான், கால் தானாகத் தரையை மிதித்தது. கத்தியை எடுத்து அத்தனை அறைகளையும் மளமளவென்று வெட்டிப் போட்டாள். பழைய ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

“கிளம்பப் பார்த்தாங்க. நிறுத்திட்டேன்” என்றாள் சமையலறைக்குள் வந்து, பெருமையாக.

“நீ யாரைத்தான் விட்டிருக்க?” என்றார் தையல்காரர்.

அடுத்த வாரம் பெட்டிப் பக்கம் போனபோதே சத்தம் சரியில்லை. வழக்கமான ரீங்காரம் இல்லை. தொலைந்த பிள்ளையைத் தேடுகிற வீடு மாதிரி ஏறி இறங்குகிற ஒரு முனகல். திறந்தாள். முட்டை இல்லை. புழு இல்லை. தேனீக்கள் ஒழுங்கில்லாமல் அங்கும் இங்கும் ஓடின. டயர்கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“டீச்சர், அந்த அறையெல்லாம் எங்க இருந்துச்சு? அடையோட கீழ் ஓரத்துலயா, நடுவுலயா?”

“நடுவுல.”



“ஓரத்துல தொங்கினா கிளம்பறாங்கன்னு அர்த்தம். நடுவுல கட்டினா ராணி செத்துப்போச்சு, அவசரத்துக்குப் புதுசு வளர்க்கறாங்கன்னு அர்த்தம். மிச்சமிருந்த வழியை நீங்க வெட்டிட்டீங்க டீச்சர். இனி ராணி ஆக்கறதுக்கு அவங்ககிட்ட முட்டை கிடையாது. இருக்கறவங்க வயசாகி ஒண்ணொண்ணா போயிடுவாங்க. அவ்வளவுதான்.”

அவள் போனை வைத்துவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தாள். அந்த முனகல் கேட்டது. வலைக்குள்ளேயே, மூக்கைத் துடைக்க வழியில்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஒரு வழி இருந்தது. டயர்கடைக்காரரின் பெட்டியிலிருந்து புது முட்டையுள்ள ஓர் அடையைக் கொண்டுவந்து உள்ளே வைக்க வேண்டும். சூடு ஆறக் கூடாது, குலுங்கக் கூடாது. நாள் தள்ளத் தள்ளக் கூட்டம் சுருங்கும். கடையோ ஊரின் மறுகோடியில். அவரால் கடையை விட்டு வர முடியாது. இவளுக்கோ அந்த வாரம் முழுக்க ஓட்டுநர் தேர்வு. காரோடு காராக மைதானத்தில் நின்றாக வேண்டும்.

“நான் போயிட்டு வரேன்” என்றது பின்கதவில் ஒரு குரல்.

“நீங்களா?” அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எறும்பு கடிச்சாலே டாக்டர் வீட்டுக்கு ஓடறவரு!”

“முட்டை கொட்டாதுல்ல?” என்றார் அவர்.

மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தபோது, முன்னறையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. வயிற்றோடு அணைத்து ஒரு கம்பளித்துணி மூட்டை. யாரோ வாடிக்கையாளரின் கோட்டுக்கு வந்த துணி. அவர் மணிக்கட்டில் ஒரு தேனீ உட்கார்ந்து நிதானமாக மீசை தடவிக்கொண்டிருந்தது.

“அசையாதீங்க” என்றாள்.

“அசைஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கற?” உதடு பிரியாமல் பேசினார். “அடையில ஒண்ணு ஒட்டிட்டே வந்துருச்சு போல. பஸ் ஏறினதும் வெளிய வந்துச்சு. உதறினா முட்டை குலுங்கும்னு அவர் சொன்னாரே. அதான் அப்படியே வெச்சுக்கிட்டேன். கைமேல நடந்துச்சு, சட்டைக்குள்ள போச்சு, திரும்பி வந்துச்சு. பக்கத்துல இருந்தவன் எழுந்து ஓடிட்டான். கண்டக்டர் டிக்கெட்டே கேக்கல.”

“ஏங்க இப்படி...”

“நேத்து அந்தப் பெட்டியில காது வெச்சு அழுதியே. அதைப் பார்த்துட்டு நான் எப்படி உக்காந்து சட்டை தைக்கறது? முதல்ல இதை வாங்கும்மா. இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு.”

வெளிச்சம் மங்குவதற்குள் அடையை உள்ளே இறக்கி மூடினாள். பின்கதவில் அவரும் பெட்டிக்குப் பக்கத்தில் அவளுமாக ஒரு டம்ளர் தேநீர் குடித்து முடிக்கவில்லை; சத்தம் மாறியது. முனகல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, அடியிலிருந்து அந்தப் பழைய ரீங்காரம் எழுந்து வந்தது. யார் போய் யாரிடம் சொன்னார்கள்? இருட்டுக்குள் ஊசி முனையளவு முட்டைகள் வந்திருக்கிற சேதி, அத்தனை பேருக்கும் இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? இரண்டு பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடியே நின்றார்கள்.

சில நாளில் அடையின் நடுவில் வேர்க்கடலைகள் முளைத்தன. வேலைக்காரத் தேனீயாகப் பிறந்திருக்க வேண்டிய முட்டைதான். அறையைப் பெரிதாக்கி, ஊட்டுகிற பாலை மாற்றினால் ராணியாகிவிடுகிறது. இதைக் கேட்ட தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“அதே துணியில கைக்குட்டையும் தைக்கலாம், கோட்டும் தைக்கலாம்ங்கற மாதிரியா?”

“அதுக்கும் மேலங்க. கைக்குட்டை சில வாரந்தான் இருக்கும். கோட்டு வருஷக்கணக்கா இருக்கும்.”

அவர் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கே நம்ப முடியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

ஆனால் ராணி பிறந்தால் மட்டும் போதாது. வெளியே பறந்துபோய், ஆண் தேனீக்களோடு கூடி, இத்தனை வீடுகளுக்கு நடுவே தன் வீட்டைக் கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். வழியில் ஒரு பறவை கொத்தினால் எல்லாம் முடிந்தது. இரண்டாவது அடை கேட்கவும் முடியாது. டயர்கடைக்காரர் தன் பெட்டிகளைப் பிரித்து விற்றுவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “நானே சொல்ற வரைக்கும் திறக்காதீங்க டீச்சர். தொந்தரவு பண்ணினா அவங்களே புது ராணியைக் கொன்னாலும் கொன்னுடுவாங்க” என்றும் எச்சரித்திருந்தார்.

பிரேக்கக்காவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பின்கதவு வரை போவாள், திரும்புவாள். ஒரு மத்தியானம் அவள் உணவுக்கு வீட்டுக்கு வந்தபோது மின்கம்பியில் ஒரு கரிய பறவை உட்கார்ந்து, பறக்கிற தேனீக்களைக் கணக்காகப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. அவள் பின்கதவுக்கு ஓடினாள். அங்கே தையல்காரர், கழுத்தில் நாடாவும் கையில் மர அளவுகோலுமாக, எலுமிச்சை மரத்தடியில் நின்று வானத்தைப் பார்த்து “போ! போங்கறேன்ல!” என்று கத்திக்கொண்டிருந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டியது அவருக்கு நினைவே இல்லை. அவரைக் கடந்து தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தன. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஒருவழியாக டயர்கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. திறக்கலாம்.

இருவரும் வலைத்தொப்பி போட்டுக்கொண்டார்கள். தனக்கென்று ஒன்றை அவர் அன்று காலைதான் தைத்திருந்தார். அவள் புகை காட்டி மூடியைத் தூக்கினாள். நடு அடையை எடுத்தாள். ராணி கண்ணில் படவில்லை. அறைகளுக்குள் பார்த்தாள். இருட்டாக இருந்தது. கண்ணில் நீர், அதன் மேல் மூக்குக்கண்ணாடி, அதற்கும் மேல் வலை. “ஒண்ணும் தெரியலீங்க. எதுவுமே இல்லீங்க” என்றாள்.

“இப்படிக் குடு.”

சட்டத்தை வாங்கி, வெயில் தோளுக்குப் பின்னால் விழும்படி திரும்பி நின்றார். பார்த்தார். வலை மறைத்தது. ஒரு கையால் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, ஊசியில் நூல் கோக்கிறபோது சுருக்குவது போலக் கண்ணைச் சுருக்கி, முகத்தை அடைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இருக்கு” என்றார், காற்றில் கரைகிற குரலில். “ஒவ்வொரு அறையிலயும் ஒண்ணே ஒண்ணு. வெள்ளையா, நிமிர்ந்து நிக்குது. இங்க இருக்கு. இங்கயும் இருக்கு. அடேயப்பா, வரிசையா வெச்சுட்டே போயிருக்கும்மா. ஒரு அறையைக்கூட விடல.”

அவர் கழற்றிப் போட்ட தொப்பியை அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

“இந்த இருட்டுக்குள்ள இவங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?”

நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவளிடம்தான் அதைக் கேட்டார். அவர் அடுத்த அறை, அடுத்த அறை என்று பார்த்துக்கொண்டே போனார். ஒரு தேனீ அவர் கன்னத்தில் ஏறி, அன்று வீங்கிய அதே இமை மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள், வாயைத் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.